குற்றாலத்தில் ஈரானுக்காகப் பேசியது

குற்றாலத்தில் ஒரு விடுதியின் மாடியில் மூன்று நாட்கள் நான் ஈரான் நாட்டின் பிரதமராக இருந்தேன். சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சி முகாம் அது. சீசன் முடிந்து அறைகள் காலியாகக் கிடக்கும் நேரமாகப் பார்த்து வைத்திருந்தார்கள்.

நான் தென்காசிக்காரி. மேலகரத்தைத் தாண்டி ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அந்த முகாமுக்கு நானாகப் போகவில்லை. தலைமையாசிரியைதான் என் பெயரை எழுதி அனுப்பியிருந்தார். "ஒரு மாத்தமா இருக்கும், போயிட்டு வாங்க டீச்சர்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சமயத்தில் யார் எதைச் சொன்னாலும் செய்துகொண்டிருந்தேன். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன், படுக்கச் சொன்னால் படுத்தேன்.

என் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், வளைகுடாவில் ஒரு கிட்டங்கியில் சரக்குப் பொறுப்பாளராக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் அவருடைய அம்மாவும்தான்; அவர்களை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் காலையில் அவர் அங்கே எழுந்திருக்கவில்லை. கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். பிறகு, உடலை அனுப்ப நாளாகும், வந்தாலும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது, இங்கேயே அடக்கிவிடலாமா என்று கேட்டார். நான் "சரி" என்றேன். அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. பக்கத்தில் மாமி நின்றார்கள், கொழுந்தனார் நின்றார். அவர்களும் எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, போனிலேயே படமெடுத்து அனுப்பினேன். மறுநாள் அடக்கம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது.

அதன் பிறகு இத்தா இருந்தேன். கணவனை இழந்த பெண் சில மாதங்கள் வெளியே போகாமல் வீட்டிலேயே இருப்பதை எங்களில் அப்படிச் சொல்வோம். வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற மனிதர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்று உடம்பு நினைத்துக்கொண்டது போல. கல்லாகிப் போனாள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இத்தா முடிந்து, பள்ளிக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே இந்த முகாம்.

பயிற்சி கொடுத்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டுக்கொண்டு, நாற்காலிகளை அவரே இழுத்துப் போட்டார். பாடத்தை வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், நடித்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்பது அவர் கட்சி. "நாளைக்கு நீங்க வகுப்புல செய்யப்போறத இன்னைக்கு இங்க செஞ்சு பார்ப்போம்" என்றார். அவர் எடுத்துக்கொண்டது இரண்டாம் உலகப் போரில் நடந்த ஒரு ஒப்பந்தம்.

கதை இதுதான். போரில் ஈரான் யார் பக்கமும் சேரவில்லை. ஆனால் சோவியத் நாட்டுக்கு ஆயுதமும் சாமானும் கொண்டுபோக ஈரானின் ரயில் பாதை வேண்டியிருந்தது. அங்கே ஜெர்மானியர்கள் இருக்கிறார்கள் என்று காரணம் சொல்லி, தெற்கிலிருந்து பிரிட்டன் படையும் வடக்கிலிருந்து சோவியத் படையும் உள்ளே நுழைந்தன. சில நாட்களில் சண்டை ஓய்ந்துவிட்டது. ராஜா முடி துறக்க வேண்டியதாயிற்று. மகன் அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதற்கப்புறம், உள்ளே வந்த இரண்டு நாடுகளும் ஈரானைப் பார்த்து, வாருங்கள், நாம் மூவரும் நேசநாடுகள் என்று ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம் என்றன.

"படை ஏற்கெனவே ஊருக்குள்ள இருக்கு. இப்ப பேச்சுவார்த்தை. ஈரானா உக்கார்ந்து பேசப்போறது யாரு?" என்று கேட்டுவிட்டுப் பயிற்றுநர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை என் முக்காட்டில் வந்து நின்றது. "டீச்சர், நீங்க பொருத்தமா இருப்பீங்க" என்றார். சொன்ன பிறகு அவருக்கே முகம் மாறியது. அறையில் சிலர் குனிந்துகொண்டார்கள். எனக்கு ஈரானைப் பற்றித் தெரிந்தது அவர்களுக்குத் தெரிந்த அளவுதான். ஆனாலும் எழுந்து போய் அவர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன். உதவிக்கு இரண்டு ஆசிரியர்களை என் பின்னால் உட்கார வைத்தார்.

பிரிட்டனாக வந்தவர் செங்கோட்டைப் பக்கத்து ஆசிரியர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், கனத்த உடம்பு, கணீரென்ற குரல். முகாமில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். சோவியத்தாக வந்தவள் ராயகிரியிலிருந்து வந்த இளம் ஆசிரியை. பருத்திக்காட்டு வீட்டுப் பெண், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவளும் நானும் ஒரே அறையில் தங்கியிருந்தோம்.

முதல் நாள் மதியம் பேச்சு தொடங்கியது. அண்ணாச்சி ஒப்பந்த நகலை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார். "நாங்க உங்களுக்கு ஒத்தாசைக்குல்லா வந்திருக்கோம். உங்க மண்ணு, உங்க ராஜ்ஜியம், எல்லாம் உங்களுக்கே. இதுல அப்படித்தான் எழுதியிருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்க."

நான் தாளைப் பார்த்தேன். எழுத்துகள் தெரிந்தன. என்ன சொல்வது என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தேன்.

"என்ன, ரயிலுக்கு வாடகை வேணுமா? அதையும் பேசிக்கிடலாம்."

நான் பேசவில்லை.

"சரி, உங்க படைய எங்க கூடச் சண்டைக்கு அனுப்பச் சொல்லி நாங்க கேக்க மாட்டோம். அதையும் எழுதிக்கிடுங்க. ஊருக்குள்ள காவல் காத்தாப் போதும்."

அதற்கும் நான் எதுவும் சொல்லவில்லை. ராயகிரி டீச்சர் அண்ணாச்சியின் கையைப் பிடித்தாள். "அண்ணாச்சி, அவங்க வாயே தொறக்கல. நீங்களே ஒவ்வொண்ணா அள்ளிக் குடுத்துக்கிட்டே இருக்கிய!" எல்லோரும் சிரித்தார்கள். பயிற்றுநர் பலகையில் 'மௌனம் ஓர் உத்தி' என்று எழுதி அடிக்கோடு போட்டார். உத்தி எதுவும் இல்லை. என் தலைக்குள் அப்போது ஒன்றுமே ஓடவில்லை. ஆனால் அதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் ராயகிரி டீச்சர் என்னைப் பேரருவிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடைகள் பாதிக்கு மேல் சாத்தியிருந்தன. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இரண்டு பேர் பாலத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அருவி பாறையை ஒட்டி ஒரு ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. பெண்கள் குளிக்கிற பக்கத்தில் நாலைந்து பேர் தலையை நீட்டிக்கொண்டு முறை வைத்து நின்றார்கள்.

"குளிக்கலையாக்கா?"

"இல்ல, நீ குளி."

அவளும் குளிக்கவில்லை. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்ககிட்ட என்ன பேசணும்னே தெரியலக்கா. அதான் கத்திக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

"கத்து. எனக்கு அது ஒண்ணும் பண்ணல."

அவள் வீட்டுக் கதையைச் சொன்னாள். அவள் அப்பாவின் பருத்திக்காட்டுக்கு நடுவில் உயரமான மின் கோபுரம் ஒன்றை நட்டிருக்கிறார்களாம். நிலம் இன்னும் அவர்கள் பேரில்தான் இருக்கிறது, எழுத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கோபுரத்துக்குக் கீழே அவளுடைய அப்பா போக மாட்டேன் என்கிறார். மழை நேரத்தில் கம்பி இரையும் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. "எங்கப்பாட்ட பேச வந்தவரு தன்மையாத்தான் பேசுனாரு. ஒரு குத்தம் சொல்ல முடியாது. அதை நெனச்சுக்கிட்டுத்தான் நான் இங்கன சோவியத்தா பேசுதேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரிக்க வேண்டிய இடம் எது என்று அப்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது. அங்கே சிரித்துவிடுவேன்.

மறுநாள் காலையில் நாலாவது பிரிவை எடுத்தார்கள். உண்மையான ஒப்பந்தத்தில் இருந்ததைப் பயிற்றுநர் எளிய தமிழில் எழுதி வைத்திருந்தார். இரண்டு நாடுகளின் படைகளும் ஈரானுக்குள் இருக்கும், அப்படி இருப்பது ஆக்கிரமிப்பு ஆகாது என்பது அதன் சாரம். அண்ணாச்சி வாசித்து முடிக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு பெரிய குரங்கு உள்ளே குதித்தது. மேஜை மேல் ஏறி வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு, ஒப்பந்த நகலையும் மிதித்துவிட்டு, வந்த வழியே போயிற்று. பெண்கள் அலறினார்கள். நாற்காலிகள் விழுந்தன.

அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பாத்தியளா? ஆக்கிரமிப்புன்னா இதுதான். நாங்க அப்படியா வந்தோம்?" என்றார்.

அறை முழுக்கச் சிரிப்பு. அது அடங்கியதும், "அப்போ நீங்க வந்ததுக்கு என்ன பேரு?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். முகாமில் நான் கேட்ட முதல் கேள்வி அது.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "விருந்தாளின்னு வச்சுக்கிடுங்களேன்."

"விருந்தாளி எப்போ போவார்?"

"சண்டை முடிஞ்சதும்."

"முடிஞ்சு எத்தனை நாளில்?"

"அதெல்லாம் அப்பப்போ பாத்துக்கிடலாம்."

"எழுதுங்க" என்றேன்.

ஆறு மாதம் என்று எழுத வைத்தேன். அதற்குள் ராயகிரி டீச்சர் குறுக்கே வந்தாள். "போர் முடிஞ்சுதுன்னு நாங்க சொன்ன நாள்லேருந்து ஆறு மாசம்." நீங்கள் சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவள் உதட்டைக் கடித்தாள். சண்டை நிறுத்தத்துக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து என்று மாற்றினோம். என் பின்னால் இருந்த இரண்டு பேரும் மெதுவாகக் கை தட்டினார்கள். வீரமாகப் பேசுவதாக அவர்கள் நினைத்திருக்கலாம். நான் கடையில் கணக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். கோபம் இல்லை, பயம் இல்லை. எதிரே இருப்பவர் என்ன நினைப்பார் என்ற கூச்சம்கூட இல்லாமல் போயிருந்தது. அது இல்லாதபோது கேள்விகள் தானாக வருகின்றன.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோதுமைப் பேச்சு வந்தது. ஈரான் மக்களின் பசி பட்டினியைத் தவிர்க்க நேசநாடுகள் இயன்றவரை முயலும் என்று நகலில் இருந்தது. "இயன்றவரைன்னா எதுவரைக்கும்?" என்று கேட்டேன். ரயில் முழுக்க உங்கள் ஆயுதம் ஏறினால் எங்கள் கோதுமை எதில் வரும்? வண்டிக்கு ஒரு பெட்டியாவது கோதுமைக்கு என்று எழுத வேண்டும் என்றேன்.

அண்ணாச்சிக்கு இந்த இடத்தில் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, உங்களுக்கு வேற வழியே கிடையாதுல்லா? நாங்க உள்ள வந்தாச்சு. ராஜாவையும் மாத்தியாச்சு. நீங்க கையெழுத்துப் போட்டாலும் ரயில் ஓடத்தான் போகுது, போடாட்டாலும் ஓடத்தான் போகுது."

"தெரியும். அதனாலதான் கேக்கேன்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, வண்டிக்கு ஒரு பெட்டி என்று எழுதினார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பயிற்றுநர்கூட எழுந்துவிட்டார். நான், "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். அதைச் சொல்லப்போகிறேன் என்று அந்த நொடிவரை எனக்கே தெரியாது.

"நீங்க உள்ள வந்தப்போ எங்க ஆளுங்க செத்துப்போனாங்க. அவங்கள எங்க அடக்குனீங்கன்னு அவங்கவங்க வீட்டுக்குச் சொல்லணும். யாரு குளிப்பாட்டுனா, என்ன துணி போட்டாங்க, கூட யாரு நின்னா. அதையும் சொல்லணும். அப்படி ஒரு பிரிவு வேணும்."

என் வீட்டு விஷயம் முகாமில் எல்லோருக்கும் தெரியும். பயிற்றுநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சர், உண்மையான ஒப்பந்தத்துல அப்படி ஒரு பிரிவு இல்ல..." என்றார்.

"இல்லாததாலதான் கேக்கேன்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ராயகிரி டீச்சர் அவர் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் ஜன்னல் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். வந்து உட்கார்ந்ததும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினாள்.

"எழுதித் தாரோம். ஆனா, ரயில் முழுசும் எங்க சரக்குக்குத்தான். கோதுமைக்கு ஒரு பெட்டின்னு எழுதினதை எடுத்துரணும். பழையபடி இயன்றவரைன்னு போட்டுக்கிடுவோம்."

அவள் விளையாட்டை விளையாட்டாகவே விளையாடினாள். என்மேல் இரக்கப்பட்டுச் சும்மா கொடுத்திருக்கலாம். அப்படிக் கொடுக்காததில் ஒரு மரியாதை இருந்ததாக இப்போது படுகிறது. என் பின்னாலிருந்த ஆசிரியர் என் நாற்காலியைத் தட்டினார். "டீச்சர், கோதுமை போயிரும். விடாதீங்க."

"போகட்டும்" என்றேன்.

அண்ணாச்சி புதிய பிரிவைத் தன் கையால் எழுதினார். "யாரு குளிப்பாட்டுனா... என்ன துணி... கூட நின்னது யாரு..." என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். எழுந்து கைகுலுக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் அண்ணாச்சிக்குக் கண் சிவந்திருக்கிறது. நான் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நிற்பதுபோல் நிற்கிறேன்.

கடைசி நாள் பயிற்றுநர், ஒப்பந்தத்துக்குப் பின்னால் உண்மையில் என்ன நடந்தது என்று சொன்னார். போர் முடிந்து, சொன்ன கெடுவில் பிரிட்டன் போய்விட்டது. சோவியத் படை கிளம்ப மறுத்துப் பெரிய தகராறுக்குப் பிறகுதான் போனது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, ஒப்பந்தம் கையெழுத்தான அந்த வருஷமே ரொட்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. ரயிலும் லாரியும் போருக்கே ஓடின. விளைச்சலும் சரியில்லை. இருந்ததைப் பதுக்கினார்கள். ரொட்டிக்காகத் தெருவில் கலவரம் நடந்தது. பட்டினியிலும் அதோடு வந்த காய்ச்சலிலும் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை.

சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். குற்றம் சொல்கிற தொனி இல்லை. பாடம் நடத்துகிற ஆர்வம்தான். "நேத்து ஈரான் தரப்பு கோதுமைப் பெட்டியை விட்டுக்கொடுத்துச்சு. அந்த முடிவை இப்ப எப்படிப் பாக்கிறீங்க?"

நான் பதில் சொல்லும் முன் ராயகிரி டீச்சர் எழுந்துவிட்டாள். "சார், அவங்க குடுத்தாங்க, சரி. கேட்டது நாங்க. கேட்ட எங்ககிட்டல்லா மொதல்ல கேக்கணும்?"

பயிற்றுநர் தலையாட்டி, அதையும் பலகையில் எழுதிக்கொண்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற பெண்களை நினைத்துப் பார்க்க முயன்றேன். ஒரு முகமும் வரவில்லை. செத்தவரைக் குளிப்பாட்டிய தண்ணீருக்காக உயிரோடு இருப்பவர்களின் சாப்பாட்டைக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. ஒரு கணக்கு புரிவதுபோலப் புரிந்தது. நெஞ்சுக்குள் அது எங்கேயும் போய்த் தொடவில்லை. மறுபடி அதே மேஜையில் உட்கார வைத்திருந்தாலும் அன்றைக்கு அதையேதான் செய்திருப்பேன்.

கிளம்பும்போது விடுதி வாசலில் ஆட்டோவுக்காக நின்றேன். அண்ணாச்சி பையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். மேஜைக்கு எதிரே கேட்ட குரல் இல்லை அது.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரை அங்கன யாரு குளிப்பாட்டுனாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது, அண்ணாச்சி."

"கூட இருந்தவங்க யாராச்சும் இருப்பாங்கள்லா?"

"ஒரே அறையில இருந்தவரு ஒருத்தரு இருக்காரு. நம்பர் இருக்கு."

"அப்போ கேட்டுருங்க. அதுக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்ல பாருங்க" என்றார். சொன்னது அதிகமாகிவிட்டதோ என்று பதறி, உடனே ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டு என்னை ஏற்றிவிட்டார்.

கேட்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அது என்னால் கேட்கக்கூடிய ஒன்று என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. தொழுகை முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, அவரோடு அறையில் இருந்தவரைக் கூப்பிட்டேன். ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், என் மாப்பிள்ளையைவிட இளையவர். நான் யார் என்று சொன்னதும் எதிர்முனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"சொல்லுங்கக்கா."

"அவர யாரு குளிப்பாட்டுனா?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான்தான்க்கா. நானும் பள்ளிவாசல்ல உதவிக்கு வந்த ஒரு வங்காளதேசத்துப் பையனும்" என்றார். சொல்லத் தொடங்கிய பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. தண்ணீரைக் கையில் ஊற்றிச் சூடு பார்த்துக்கொண்டார்களாம். முழங்காலில் ஒரு பழைய தழும்பு இருந்ததாம், அதைப் பார்த்து அந்தப் பையன் அண்ணனுக்கு வலித்திருக்குமே என்றானாம். தலையைத் துவட்டுவதற்குத் தன்னுடைய புதுத் துண்டைப் போட்டாராம். அடக்கத்துக்கு அறையிலிருந்த எல்லோரும் போனார்கள். கிட்டங்கியில் வண்டி ஓட்டுகிற ஒரு நேபாளியும் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், எல்லோரும் மண் அள்ளிப் போடும்போது அவரும் போட்டாராம்.

"நீங்க ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நெனச்சேன்க்கா. நானா கூப்பிட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

"இப்பவாவது கேட்டேன்லா" என்றேன்.

போனை வைத்த பிறகும் நான் அழவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்துக் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே மீன்காரர் வண்டி போயிற்று. பிறகு எழுந்து மாமியிடம் போனேன். அவர்கள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதை எல்லாம் சொன்னேன். சூடு பார்த்ததைச் சொன்னேன், துண்டைச் சொன்னேன், தழும்பைச் சொன்னேன்.

மாமி கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சைக்கிள்ல விழுந்தது. பள்ளிக்கூடம் போகும்போது" என்றார்கள்.

அது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக நான் அவரிடம் கேட்டதில்லை.

"அந்த வங்காளத்துப் பையன் பேரென்ன?"

"கேக்கலையே மாமி."

"கேளு. தொழுதுட்டு துஆ கேக்கும்போது பேரைச் சொல்லணும்லா."

அடுத்த வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்துக்காரருக்கு மறுபடி போன் போட்டேன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மாமி போனை வாங்கிக்கொண்டார்கள். பையன் பெயரைக் கேட்டார்கள், அவன் ஊரைக் கேட்டார்கள், அவனுக்கு அம்மா இருக்கிறாளா என்று கேட்டார்கள். நேபாளிக்குக் கை கழுவத் தண்ணீர் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். பிறகு அவரை அடக்கிய கபர் பக்கத்தில் மரம் ஏதாவது உண்டா, வெயில் நேராக விழுமா என்று கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்முனையில் பொறுமையாகப் பதில் வந்துகொண்டிருந்தது. பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. நான் உள்ளே போய் அரிசியைக் களைந்து போட்டேன்.